தொள்ளாயிரம் மீட்டரில் வானிலை இல்லை

தாலா உமாலு கிராமத்துக்கு வானிலை கிடையாது என்ற விஷயம், அந்த ஊர் ரொட்டிக்கடைக்காரர் முக்ரானுக்கு நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரியவந்தது. அதுவரை ஐம்பத்து மூன்று வருடங்களாக அவர் அங்கே நனைந்தும் காய்ந்தும் விறைத்தும் வாழ்ந்திருந்தார்.

அன்று அவர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனது எரிவாயு விஷயமாக. அவருடைய அடுப்பு சிலிண்டரில் எரிவது. நாளுக்கு இரண்டு சிலிண்டர் குடிக்கும். மலையில் பனி விழுந்து பாதை அடைத்துக்கொண்டால் லாரி எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், வருடா வருடம் நவம்பரிலேயே அறுபது சிலிண்டரை முன்கூட்டிக் கொடுத்துவிடுவார்கள். முக்ரான் போய்க் கேட்பார். எழுத்தர் அக்லி, ஊரில் எல்லாரும் தன் உயிரை வாங்குவதாகத் திட்டிக்கொண்டே சீட்டு எழுதிக் கொடுப்பார். இந்த வருடம் அக்லி திட்டவில்லை. ஏதோ சரியில்லை என்று முக்ரானுக்கு அப்போதே பட்டது.

அக்லி ஒரு சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். போன ஜனவரியில் சிலிண்டருக்காக ஊருக்கு ஊர் அடித்துக்கொண்டதால், இனிமேல் யாருக்கு எது என்பதை மண்டல வானிலை முன்னறிவிப்பு இயக்குநரகத்தின் பருவ அறிக்கைதான் முடிவு செய்யும். அறிக்கை பனி என்று சொன்ன ஊர்களுக்குச் சிலிண்டரும் பனி அகற்றும் வண்டியும். மழை என்று சொன்ன ஊர்களுக்குத் தார்ப்பாயும் சாக்கடைத் தூர்வாரலும். அறிக்கை சுவரில் ஒட்டியிருந்தது. ‘மலைத்தொடரின் வடசரிவில், தொள்ளாயிரம் மீட்டருக்குக் கீழே ஆங்காங்கே மழையும், தொள்ளாயிரம் மீட்டருக்கு மேலே ஓரளவு பனியும் பெய்ய வாய்ப்பு உண்டு.’

“உங்க ஊர் எத்தனை மீட்டர்ண்ணே?” என்று அக்லி கேட்டார்.

“தொள்ளாயிரம். ஊர் நுழையற இடத்துல உங்க ஆளுங்கதானே பலகை வெச்சீங்க.”

“தொள்ளாயிரம்னா கீழேயா, மேலேயா?”

“தொள்ளாயிரம்னா தொள்ளாயிரம்தான்.”

அக்லி பேனாவை மூடினார். “அதான் சிக்கல். பனிப் பட்டியல்ல தேடினேன், நீங்க இல்ல. சரி, மழையிலயாவது இருப்பீங்கன்னு பார்த்தேன், அதுலயும் இல்ல. இந்த வருஷம் உங்களுக்கு ஒண்ணும் பெய்யலண்ணே.”

வெளியே தூறிக்கொண்டிருந்தது. முக்ரான் தன் கம்பளி மேலங்கியான புர்னூஸின் தலைமறைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி தஸ்ஸாதித் கடையில் நின்று ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

“வானிலையே இல்லன்னா நல்லதாப் போச்சு,” என்றாள். “துணியைக் காயப்போட்டுடறேன்.”

அவள் அப்படித்தான் பேசுவாள். ஆனால் அன்று மாலை, கொட்டகையில் மீதமிருந்த சிலிண்டர்களைத் தட்டித் தட்டி எண்ணியவளும் அவள்தான். ஊரில் இருநூற்று இருபது குடும்பங்கள். ஆலிவ் பறிப்பு நடக்கிற நாட்களில் யாரும் வீட்டில் மாவு பிசைவதில்லை. விடிந்தால் எல்லாரும் முக்ரான் கடை வாசலில்தான் நிற்பார்கள்.

மறுநாள் முக்ரான் வேனைப் பிடித்து இரண்டரை மணி நேரம் கீழே இறங்கி, சமவெளியில் இருந்த இயக்குநரகத்துக்குப் போனார். அதற்குச் சொந்தமாக மூன்று தளக் கட்டடம் இருந்தது. தரைத்தளத்தில் மழைப் பிரிவு. மேல்தளத்தில் பனிப் பிரிவு. மழைப் பிரிவில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, தங்கள் பொறுப்பு எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்பதோடு முடிந்துவிடுகிறது என்றார். பனிப் பிரிவில் இருந்தவர், தாங்கள் தொள்ளாயிரத்து ஒன்றில்தான் ஆரம்பிப்பதாகச் சொன்னார். நடுவில் இருக்கிற இரண்டு மீட்டர் யாருடையது என்று முக்ரான் கேட்டபோது, அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அது காலியாக இருக்கிறது என்றார்.

இரண்டு பிரிவுக்கும் இடையே, நடுத்தளத்தில், சொற்குழு இருந்தது. ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி ஏழு பேர். அறிக்கையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். அன்று அவர்கள் ‘ஆங்காங்கே’ என்பதை ‘சில இடங்களில்’ என்று மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ‘சில’ என்று சொன்னால் எத்தனை என்று யாராவது கேட்டுவிடக்கூடும் என்று ஒருவர் எச்சரித்தார். இயக்குநரைப் பார்க்க வந்திருப்பதாக முக்ரான் சொன்னதும், பக்கத்து அறையைக் காட்டி, கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்கள்.

இயக்குநர் லம்தானியின் அறையில் ஜன்னல் இல்லை. இருந்த ஜன்னலை அவரே செங்கல் வைத்து அடைக்கச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். முக்ரானை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, குறையை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு பேச ஆரம்பித்தார்.

“முன்னறிவிப்புன்னா, நாம சொன்னது நடக்கணும்னு ஜனங்க நினைக்கறாங்க. அது தப்பு. நடக்கறது நம்ம கையில இல்ல. சொல்றது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. அதனால எது நடந்தாலும் பொருந்தற மாதிரி சொல்லணும். நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு அறிக்கைகூடத் தப்பானது இல்ல. ஏன் தெரியுமா? எதையுமே நாங்க முழுசாச் சொன்னது இல்ல.”

அதை அவர் பெருமையாகவே சொன்னார். முக்ரானும் மரியாதைக்குத் தலையாட்டினார். பிறகு மெல்ல, போன ஜனவரியில் தன் ஊரில் இடுப்பளவு பனி விழுந்ததைச் சொன்னார்.

“விழுந்திருக்கலாம். நான் மறுக்கல,” என்றார் லம்தானி. “ஆனா அது எங்க பனி இல்ல.”

இருந்தாலும் அவர் முக்ரானை வெறுங்கையோடு அனுப்பவில்லை. காலியாக இருந்த இரண்டு மீட்டரை இரண்டு பிரிவுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, தொள்ளாயிரம் மீட்டர் கோடு அந்தக் கடையைப் பொறுத்தவரை எங்கே ஓடுகிறது என்று அளக்க ஒரு எல்லைக் குழுவை அனுப்புவதாக அங்கேயே உத்தரவு போட்டார். முக்ரான் நன்றி சொல்லிவிட்டு, பாதி தூரம் வந்த பிறகுதான், தான் கேட்டது சிலிண்டர் என்பதை நினைத்துக்கொண்டார்.

குழு ஒரு வாரம் கழித்து வந்தது. இரண்டே பேர். மழைப் பிரிவின் சார்பில் கமால், பனிப் பிரிவின் சார்பில் ஸுஹைர். ஒருவர் அளப்பதை இன்னொருவர் நம்பாததால் எல்லாவற்றையும் இரண்டு தடவை அளந்தார்கள். முக்ரானின் கடை சரிவில் கட்டியது. தெருவிலிருந்து உள்ளே வந்தால் விற்பனை மேஜை, அதற்குப் பின்னால் இரண்டு படி ஏறினால் அடுப்படி. மதியத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. மேஜை இருப்பது எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஏழில். அடுப்பு இருப்பது தொள்ளாயிரம் புள்ளி இரண்டில். இடையில், தரையில், நீலச் சாயத்தால் ஒரு கோடு போட்டார்கள். கடையில் மழை, அடுப்படியில் பனி.

வேலை முடிந்ததும் தஸ்ஸாதித் சூடான ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் உலர்ந்த அத்திப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் அவரவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எண்ணெய்க் கிண்ணம் கோட்டின் மேல் இருந்தது.

“அப்ப அடுப்பு பனியில இருக்கு. சிலிண்டர் அடுப்புக்குத்தானே? கொடுத்துடுவீங்க இல்ல?” என்று முக்ரான் கேட்டார்.

ஸுஹைர் தாராளமாக ஒப்புக்கொண்டார். அடுப்புக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கமால் விதிப்புத்தகத்தைப் புரட்டி, விண்ணப்பம் கட்டடத்தின் தெருவாசலை வைத்துத்தான் எடுத்துக்கொள்ளப்படும் என்பதைக் காட்டினார். வாசல் மழையில் இருக்கிறது. நான்கு நாளில் அரசு முத்திரை போட்ட ஒரு தார்ப்பாய் வந்து சேர்ந்தது. அதை மட்டும் யாரும் தாமதப்படுத்தவில்லை.

தார்ப்பாயைப் பார்த்த தஸ்ஸாதித் வெளியே போய், வாசல்படியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் தம்பிகளுக்குச் சொல்லியனுப்பினாள். இரண்டு நாளில், கல்லும் சிமெண்டுமாக, தெருவாசல் மூன்று படி உயர்ந்துவிட்டது. ரொட்டி வாங்க வருகிறவர்கள் இப்போது மூன்று படி ஏறி, வாசலைத் தாண்டி, திரும்ப மூன்று படி இறங்கி மேஜைக்கு வர வேண்டியிருந்தது. வாசல், கமாலே வந்து அளந்தாலும், பனியில் இருந்தது.

விஷயம் தெருவில் பரவியது. பக்கத்து வீட்டில் செருப்பு தைப்பவர், அதற்கடுத்த எண்ணெய்ச் செக்குக்காரர், ஒவ்வொருவராக வாசலை உயர்த்த ஆரம்பித்தார்கள். வர்தியா என்ற விதவை தன் ஆட்டுக்கொட்டகைக்கும் நான்கு படி கட்டினாள். ஆடுகள் முதலில் மறுத்து, பிறகு பழகிவிட்டன. ஊர்ச் சபையில் இதைப் பற்றிப் பேசினார்கள். எல்லாருக்கும் முட்டி வலிக்கிறது என்பதைத் தவிர வேறு எதிர்ப்பு வரவில்லை.

பத்தாம் நாள் முக்ரானுக்கு இயக்குநரகத்திலிருந்து ஓலை வந்தது. ‘வானிலையை மாற்றும் நோக்கத்துடன் படி கட்டியது குறித்து விளக்கம் கோரல்’ என்று தலைப்பு. முக்ரான் அதை மூன்று தடவை படித்தார். வாழ்நாளில் அவர் மேல் வந்த முதல் குற்றச்சாட்டு அது. தான் எந்தக் கெட்ட எண்ணத்துடனும் படி கட்டவில்லை, வானிலையை மாற்றும் சக்தி தனக்கு இல்லை என்று கையெழுத்துப் போட்டு பதில் அனுப்பினார். இரண்டாவது வாக்கியம் இயக்குநரகத்துக்குப் பிடித்துப்போனது. அதைச் சட்டம் போட்டு மாட்டியதாகப் பின்னால் கமால் சொன்னார்.

ஆனால் ஒரு தெருவே படியேறிவிட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? இந்தக் குழப்பத்துக்கு ஒரேயடியாக முற்றுப்புள்ளி வைக்க லம்தானி முடிவு செய்தார். எல்லையை ஊரறிய அறிவித்துவிட வேண்டியது. ரொட்டிக்கடைக்கு எதிரே ஒரு பலகை நடுவது, அதன் ஒரு பக்கம் ‘மழை’, மறுபக்கம் ‘பனி’ என்று எழுதுவது, அதைத் தானே நேரில் வந்து திறந்துவைப்பது. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை குறித்தார்கள். அன்றைய அறிக்கை, பொதுவாக வறண்ட வானிலை என்றது.

புதன்கிழமை காலையில் தஸ்ஸாதித் வெளியே வந்து மலை முகட்டைப் பார்த்தாள். முகடு தெரியவில்லை. சாம்பல் நிற மேகம் அதன் மேல் படுத்துக் கிடந்தது, காற்று சுத்தமாக நின்றுவிட்டிருந்தது. அவள் மரத்தடியில் கிடந்த ஆலிவ் மூட்டைகளை உள்ளே இழுக்க ஆரம்பித்தாள். முக்ரான் அறிக்கையில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார்.

“அறிக்கை மூட்டை தூக்க வராது. நீ வா, அந்தப் பக்கம் பிடி,” என்றாள்.

பதினொரு மணிக்கு மூன்று கார்களில் இயக்குநர், கமால், ஸுஹைர், சொற்குழுவிலிருந்து இரண்டு பேர், ஒரு புகைப்படக்காரர், ஓட்டுநர்கள் என்று ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். மேளமும் குழலும் முழங்கின. ஊர் முழுக்கக் கூடியிருந்தது. லம்தானி துணியை விலக்கிப் பலகையைத் திறந்து, பேச ஆரம்பித்த மூன்றாவது நிமிடம், பெரிய பெரிய துணுக்குகளாகப் பனி இறங்கியது. பலகையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியது.

லம்தானி பேச்சை நிறுத்தவில்லை. அனுபவசாலி.

“பெரியோர்களே, கண்ணால பார்க்கறீங்க. பலகைக்கு அந்தப் பக்கம் விழறது பனி. இந்தப் பக்கம் விழறது மழை. மழை இன்னைக்குக் கொஞ்சம் இறுகிப்போயிருக்கு, அவ்வளவுதான். பொருள் மழைதான், வடிவம்தான் வேற. ஒரு மனுஷன் கம்பளி போர்த்திக்கிட்டா வேற ஆளாயிடுவானா?”

ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். விருந்தாளி பேசும்போது கைதட்டுவது அந்த ஊர் வழக்கம். மேளத்தோல் நனைந்துபோனதால் மேளம் மட்டும் சத்தம் போடவில்லை.

ரவையும் கறியுமான கூஸ்கூஸ் விருந்து முடிந்து அவர்கள் வெளியே வந்தபோது கார்களின் சக்கரம் தெரியவில்லை. மாலைக்குள் கதவுகளும் தெரியவில்லை. ஊருக்கு ஒரே பாதை, அது முடிகிற இடம் தாலா உமாலு. ஒன்பது பேரையும் எங்கே தங்கவைப்பது என்ற கேள்வியே எழவில்லை. ஊரில் கதகதப்பான இடம் ரொட்டிக்கடை ஒன்றுதான். மேஜையை நகர்த்திவிட்டு, தரையில் கம்பளி விரித்தார்கள். கமாலும் ஸுஹைரும் இந்தத் தடவை கோட்டைப் பார்க்காமல், இருவருமே அடுப்புப் பக்கம் படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் லம்தானி பனி அகற்றும் வண்டி கேட்டு நகராட்சிக்குப் போன் செய்தார். அக்லிதான் எடுத்தார். அக்லி வருத்தத்தோடு சொன்னது இது: தாலா உமாலுவுக்கு வருகிற பாதை முழுவதும் தொள்ளாயிரத்துக்குக் கீழே இருக்கிறது, அங்கே மழை, மழைக்குப் பனி வண்டி அனுப்பினால் தன் வேலை போய்விடும். இயக்குநரகம் அறிக்கையைத் திருத்தினால் அரை மணியில் வண்டி கிளம்பும்.

லம்தானிக்கு உயிர் வந்தது. இயக்குநரகம் அவருடையதுதானே. அதன் பணியறைக்குப் போன் செய்தார். வஹீபா என்ற இளம் அதிகாரி எடுத்தாள். போன வருடம் விதிகளைச் சிறப்பாகப் பின்பற்றியதற்கு அவர் கையாலேயே சான்றிதழ் வாங்கியவள். காதில் வைத்தால் சரியாகக் கேட்காததால், எல்லாரும் கேட்கும்படி போனை மேஜையில் வைத்துத்தான் பேசினார்.

“வஹீபா, நான் இயக்குநர் பேசறேன். இங்க பயங்கரப் பனி. உடனே அறிக்கையைத் திருத்தணும்.”

“எங்கேருந்து பேசறீங்க ஐயா?”

“தாலா உமாலு ரொட்டிக்கடையிலேருந்து.”

“அடுப்படியா, கடையா?”

“கடை.”

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. “கடைன்னா எண்ணூத்தித் தொண்ணூத்தி ஒன்பது புள்ளி ஏழு. அங்க மழைங்க ஐயா.”

“நான் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருக்கேன்மா.”

“ஜன்னல் அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லைங்களே. பதினாலாம் சுற்றறிக்கை. உங்க கையெழுத்துதான் போட்டிருக்கு.”

“நான்தான் சொல்றேனே, நீ எழுதிக்கோ.”

“எழுதிக்கறேன். ஆனா கண்காணிப்பு நிலையம் இல்லாத இடத்துலேருந்து வர்ற தகவலைப் பொதுமக்கள் வதந்தின்னு வகைப்படுத்தித்தான் எழுத முடியும்.”

“நான் பொதுமக்களா?”

“இப்போதைக்கு அப்படித்தான் வருதுங்க ஐயா.”

போன் வைக்கப்பட்டது. தஸ்ஸாதித் காப்பியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“குடிங்க. பொதுமக்களுக்கும் காப்பி உண்டு.”

அன்று முக்ரானிடம் இரண்டே சிலிண்டர் இருந்தது. எரிவாயுச் செலவைக் குறைக்க ஒரே தடவைதான் அடுப்பைப் பற்றவைத்தார். வழக்கமான ரொட்டியில் பாதி அளவுக்குப் பிசைந்து, வீட்டுக்கு இரண்டு என்று கொடுத்தார். வாசலில் வரிசை, மூன்று படியையும் தாண்டித் தெருவில் வளைந்து நின்றது. சத்தமே இல்லாத வரிசை. எல்லாரும் கை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, அடுப்பு எத்தனை நாள் தாங்கும் என்று முக்ரான் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முயன்றார்கள். லம்தானியும் வரிசையில்தான் நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை, முன்னால் வரவும் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் நின்ற வர்தியா தன் இரண்டு ரொட்டியை வாங்கி, ஒன்றைப் பிட்டு, படுத்த படுக்கையாக இருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று எடுத்துவைத்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

வரிசை கலைந்ததும் அவர் அடுப்படிக்கு வந்தார்.

“இன்னும் எத்தனை சிலிண்டர் இருக்கு?”

“ஒண்ணு. நாளைக்குக் காலையோட சரி.”

“முன்கூட்டியே வாங்கி வெச்சிருக்க வேண்டாமா?”

முக்ரான் கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். அவருக்குக் கோபிக்கத் தெரியாது. கோபிக்க வேண்டிய இடத்தில் அவர் குரல் இன்னும் தணிந்துபோகும்.

“கேட்டேன் ஐயா. உங்க அறைக்கு வந்து கேட்டேன். நீங்க காப்பி கொடுத்தீங்க.”

லம்தானி அங்கிருந்த மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில், யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். இந்த மாதக் கடைசியில், பிழையே இல்லாத மண்டலத்துக்கான கேடயம் அவருக்கு வர இருக்கிறது. அதோடு அவர் ஓய்வு பெறுகிறார். கீழே பனி என்று ஒரு திருத்தம் போனால் பதினோரு வருடமும் போச்சு. நேற்று மேடையில் பனி தன் மூக்கின் மேல் விழுந்தபோது, அதைத் துடைத்தால்கூட ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று துடைக்காமல் நின்றாராம். முக்ரானுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“எனக்கு வாரத்துக்கு ஒரு ஈடு கருகுது ஐயா,” என்றார். “தூக்கி ஆட்டுக்குப் போட்டுட்டு அடுத்ததைப் பிசையறேன். ஊர்ல யாரும் என்னை விட்டுட்டுப் போயிடல.”

“பனின்னு ஒத்துக்கிட்டா மட்டும் போதாதுய்யா. அந்தப் பொண்ணு நிலையம் இருந்தாத்தான் எழுதுவா. அவளை அப்படிப் பழக்கினவன் நான்தான்.”

“நிலையம்னா என்ன வேணும்?”

“ஒரு இடம். ஒரு அளவுகோல். நியமிக்கப்பட்ட ஒரு பார்வையாளர்.”

முக்ரான் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். தஸ்ஸாதித் ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டி சுற்றும் காகிதத்தில், லம்தானி தன் கைப்பட நியமன உத்தரவு எழுதினார். தாலா உமாலு ரொட்டிக்கடை, இன்று முதல் மண்டலக் கண்காணிப்பு நிலையம். பார்வையாளர், திருமதி தஸ்ஸாதித். முத்திரை இல்லாததால் கமாலும் ஸுஹைரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பதினோரு வருடத்தில் அந்த இரண்டு பிரிவும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை. புகைப்படக்காரர் படம் எடுத்து அதை இயக்குநரகத்துக்கு அனுப்பினார். தஸ்ஸாதித் துடுப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பலகைக்குக் கீழ்ப்பக்கம், மழை என்று எழுதியிருந்த இடத்தில், அதைக் குத்தி இறக்கினாள். மேலே ஒரு சாண் பிடிதான் மிஞ்சியது. திரும்பி வந்து போனில் பேசினாள்.

“தாலா உமாலு நிலையம். பனி. கீழ்ப்பக்கம்.”

“அளவு சொல்லுங்கம்மா.”

“என் இடுப்புக்கு மேல.”

“உங்க இடுப்பு எத்தனை சென்டிமீட்டர் உயரம்?”

“எண்பத்தி அஞ்சுன்னு போட்டுக்கோ. சண்டைக்கு யாரும் வர மாட்டாங்க.”

எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு வஹீபாவின் குரல் முற்றிலும் வேறு குரலாக வந்தது. “ரொம்ப நன்றிம்மா. இங்கயும் நேத்திலேருந்து குன்றெல்லாம் வெள்ளையாக் கிடக்கு. எங்க அம்மா வீட்டுக்குப் போற பாதையே மூடிடுச்சு. அங்கீகாரம் உள்ளவங்க யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு காலையிலேருந்து போனைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

சொற்குழுவின் ஐந்து பேர் அங்கேயும் இரண்டு பேர் இங்கேயும் இருந்ததால், திருத்த அறிக்கையின் வாசகம் முடிவாக மாலையாகிவிட்டது. ‘தொள்ளாயிரம் மீட்டருக்குக் கீழேயும், ஆங்காங்கே, இறுகிய மழை (வழக்கில் பனி) பெய்திருக்க வாய்ப்பு உண்டு.’ மறுநாள் காலை கடைசிச் சிலிண்டரின் கடைசி ஈட்டை முக்ரான் எடுத்து முடித்து, அடுப்பு ஆறத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில், கீழே வளைவில் பனி வண்டியின் மஞ்சள் விளக்கு தெரிந்தது. அதன் பின்னால் சிலிண்டர் லாரி. அறுபது சிலிண்டரையும் ஊரே கைமாற்றிக் கைமாற்றி, மூன்று படி ஏற்றி, மூன்று படி இறக்கி, உள்ளே சேர்த்தது. அக்லி லாரியோடு வந்திருந்தார். படிகளைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினார். முக்ரானுக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

லம்தானி புறப்படும்போது நான்கு ரொட்டி வாங்கிக்கொண்டார். கேடயமும் அவருக்குத்தான் கிடைத்தது. ஆண்டு மதிப்பீட்டில் அறிக்கையையும் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெய்து முடிந்த பனியைப் பற்றிச் சொன்ன முன்னறிவிப்பு, இதுவரை வந்ததிலேயே மிகத் துல்லியமானது என்று பாராட்டினார்கள். அவருக்குப் பின் வந்த இயக்குநர், இனி இந்தக் குழப்பம் வரக்கூடாது என்று எல்லையை எண்ணூற்று ஐம்பது மீட்டருக்கு இறக்கிவிட்டார். தாலா உமாலுவுக்கு முறைப்படி பனி கிடைத்துவிட்டது. படிகளை இடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆடுகளும் ஒப்பவில்லை.

ஜனவரி நடுவில் ஒரு நாள் மதியம், கடைக்கு ஒரு புது ஆள் வந்தார். கீழே, மலையின் அடுத்த மடிப்பில் இருக்கிற ஐத் ஸெல்லான் என்ற ஊரின் ரொட்டிக்கடைக்காரர். பெயர் மசீன். மூன்று படி ஏறி இறங்கிய களைப்பில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்க ஊர் சரியா எண்ணூத்தி ஐம்பதுல இருக்குண்ணே,” என்றார். “நகராட்சியில போய்க் கேட்டா, எங்களுக்கு வானிலையே இல்லங்கறாங்க. நீங்க எப்படியோ சரிக்கட்டிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். யாருக்கு மனு எழுதணும், என்ன எழுதணும்?”

முக்ரான் அவரை உட்காரவைத்து, சூடான ரொட்டியைப் பிட்டு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். மனுவெல்லாம் வேண்டாம் என்றார். ஒரு பலகை செய்யச் சொன்னார். மேளத்துக்குச் சொல்லிவைக்கச் சொன்னார். கூஸ்கூஸுக்கு ஒரு ஆடு ஏற்பாடு பண்ணிக்கொண்டு, புது இயக்குநரை நேரில் போய், ரொம்பப் பணிவாக, திறப்பு விழாவுக்கு அழைக்கச் சொன்னார்.

மசீன் மென்றபடியே எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டார். “எந்தத் தேதிக்குக் கூப்பிடறது?”

முக்ரான் மனைவி பக்கம் திரும்பினார். தஸ்ஸாதித் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, படியேறி வாசலுக்குப் போய், மலை முகட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வியாழக்கிழமைக்குக் கூப்பிடு,” என்றாள்.